அரவிந்த் குப்தாவின் பொம்மை வீடியோக்கள்: பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

ஒரு மேசை, இரண்டு கைகள், வீட்டில் வீணாகக் கிடக்கும் நாலைந்து பொருட்கள். பின்னணியில் அமைதியான குரல். ஒன்றிரண்டு நிமிடத்தில் ஒரு பொம்மை உருவாகி, சுற்றியோ பறந்தோ ஊதியோ காட்டிவிட்டு வீடியோ முடிந்துவிடும். அரவிந்த் குப்தாவின் வீடியோக்கள் எல்லாம் ஏறக்குறைய இந்த அமைப்புதான். பளபளக்கும் அனிமேஷனும் மூச்சுவிடாத விளக்கமும் நிறைந்த அறிவியல் சேனல்களுக்குப் பழகிய பிள்ளைகள் முதல் பார்வையில் "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதில் திரையில் கிடைக்காது. பேட்டரியையும் கம்பியையும் கையில் எடுத்தால்தான் கிடைக்கும்.

குப்தா கான்பூர் ஐஐடியில் மின்பொறியியல் படித்து 1975இல் வெளிவந்தவர். டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) நிறுவன வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனார். ஆய்வக வசதி எதுவும் இல்லாத கிராமப் பள்ளிகளில், சந்தையில் கிடைக்கும் பொருட்களை வைத்தே சோதனை செய்ய வைப்பது அந்தத் திட்டத்தின் அடிப்படை. பின்னாளில் புனேயில் உள்ள ஐயூக்கா வானியல் மையத்தின் குழந்தைகள் அறிவியல் கூடத்தில் 2014 வரை பணியாற்றினார். இன்று நாம் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பகுதி அந்தக் காலத்தில் உருவானவை. 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய 'அரவிந்த் குப்தா டாய்ஸ்' இணையதளத்திலும் யூட்யூப் சேனலிலும் எல்லாமே இலவசம். சந்தா கட்ட வேண்டியதில்லை. இணையதளத்தில் பல பொம்மைகளுக்கு வீடியோவோடு படிப்படியான படங்களும் உண்டு. அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்ளப் படப் பக்கம்தான் வசதி. பல வீடியோக்களுக்குத் தமிழ்க் குரலும் இருக்கிறது. இல்லாதவற்றுக்கும் கவலைப்பட வேண்டாம், கைகள் செய்வதைப் பார்த்தாலே போதும்.

நம் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 11 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இலவச வீடியோத் தொகுப்பு கிடைப்பது அரிது. 15, 16 வயதுக்கு இது நல்ல தொடக்கம். ஆனால் அளப்பதையும் கணக்கிடுவதையும் நீங்கள் சேர்த்துக்கொடுக்க வேண்டும், வீடியோ அதைச் செய்யாது. செய்து பார்க்கும் எண்ணமே இல்லாமல் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவதானால், எந்த வயதுக்கும் பெரிய பயன் இல்லை.

மோட்டார்: பார்த்தால் எளிது, செய்தால் பாடம்

தொகுப்பின் தரத்தை அறிய ஒரே ஒரு பொம்மையை எடுத்துக்கொள்வதானால், பேட்டரி மேல் சுற்றும் அந்தச் சிறிய மோட்டாரைத்தான் எடுக்க வேண்டும். 1.5 வோல்ட் பெரிய டார்ச் பேட்டரி ஒன்று, இரண்டு ஊக்கு, ஒரு ஃபெரைட் காந்தம், சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பர் வளையம் ஒன்று, எனாமல் பூசிய செப்புக் கம்பி 1 மீட்டர். காந்தத்தைப் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். கம்பி, மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும். 22 அல்லது 24 கேஜ் என்று கேட்டு வாங்குங்கள். 30 கேஜுக்கு மேல் போனால் கம்பி தலைமுடிபோல் மெலிந்துவிடும், சுருளின் கால்கள் வளைந்து தொங்கும்.

கம்பியைப் பேட்டரி மீதே சுற்றிச் சுருளாக்க வேண்டும். பேட்டரியின் சுற்றளவு சுமார் 10.5 செ.மீ. இரு பக்கமும் 5 செ.மீ. கால் விட்டால் எட்டுச் சுற்று வரும். கால்கள் இரண்டும் சுருளின் விட்டத்துக்கு நேராக, ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஊக்குகளைப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்து ரப்பர் வளையத்தால் இறுக்கிவிட்டு, ஊக்கின் சுருண்ட கண்களில் சுருளின் கால்களை நுழைத்து, நடுவில் பேட்டரி மேல் காந்தத்தை வைத்தால் முடிந்தது. காந்தம் இரும்புக் கூட்டில் தானே ஒட்டிக்கொள்ளும். அட்டை உறை போட்ட பேட்டரியாக இருந்தால் ஒட்டாது, டேப் போட வேண்டும்.

இந்த மோட்டாரின் உயிர் ஒரு சின்ன விவரத்தில் இருக்கிறது. கம்பியின் கால்களில் எனாமலைச் சுற்றிலும் முழுதாகச் சுரண்டிவிடக் கூடாது, ஒரு பக்கம் பூச்சு அப்படியே இருக்க வேண்டும். வீடியோ இதைச் சொல்லிவிட்டு நொடிகளில் கடந்துவிடுகிறது. செய்து பார்க்கும் பிள்ளைகளில் பலர் தடுமாறுவதும் இங்கேதான்.

சுருளில் மின்சாரம் ஓடும்போது காந்தம் அதை ஒரு பக்கம் திருப்பும். அரைச் சுற்று கடந்ததும், அதே மின்சாரம் அதே திசையில் ஓடிக்கொண்டிருந்தால் காந்தம் இப்போது எதிர்ப் பக்கம் திருப்ப முயலும். விளைவு, சுருள் முன்னும் பின்னும் ஆடிவிட்டு நின்றுபோகும். பூச்சு விட்ட பக்கம் ஊக்கைத் தொடும் நேரத்தில் மின்சாரம் துண்டிக்கப்படுவதால், அந்த எதிர்த் தள்ளல் கிடைப்பதில்லை. தன் வேகத்திலேயே சுருள் மிச்சத் தூரத்தைக் கடக்கிறது. கடையில் விற்கும் மோட்டாரில் இந்த வேலையைக் கம்யூட்டேட்டர் செய்கிறது. இங்கே அது, சுரண்டாமல் விட்ட ஒரு கோடு எனாமல்.

இன்னும் நன்றாக ஓட ஒரு வழி உண்டு. ஒரு காலைச் சுற்றிலும் முழுதாகச் சுரண்டுங்கள். மற்றொரு காலில் சரிபாதி மட்டும் சுரண்டுங்கள். எந்தப் பாதி என்பதுதான் முக்கியம். சுருளைச் சக்கரம்போல் செங்குத்தாக நிறுத்திப் பிடித்து, காலை மேசை விளிம்பில் வைத்து, மேல்பாதியைச் சுரண்ட வேண்டும். சுருளை மேசையில் தட்டையாகப் படுக்க வைத்துச் சுரண்டினால், காந்தத்தின் திருப்பு விசை சுழியாகும் இடத்தை ஒட்டித்தான் மின்சாரம் பாயும். அதற்கு முன்னால் ஒரு பக்கமும் பின்னால் மறுபக்கமும் விசை கிடைத்து இரண்டும் அடிபட்டுப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சுருளும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று ஓடும், மற்றது ஓடாது. இதை ஒரு பிள்ளை தானே கண்டுபிடித்துவிட்டால், திருப்பு விசையைப் பற்றி அதற்கு மேல் அதிகம் சொல்லித்தர வேண்டியிருக்காது.

ஓடாத மோட்டாரை ஆராயும் முறையையும் சொல்லிக்கொடுங்கள். பேட்டரி சூடாகவில்லை, சுருளும் அசையவில்லை என்றால் மின்சாரமே பாயவில்லை. எனாமல் சரியாகப் போகாதது முதல் சந்தேகம். புதுக் கம்பியின் பூச்சு செம்பு நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இரண்டாவது சந்தேகம் ஊக்கின் மேல் உள்ள வார்னிஷ் அல்லது வண்ணப் பூச்சு, அதையும் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். கம்பியைத் தீயில் காட்டி எனாமலை எரிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கரி படிந்து தொடர்பு இன்னும் கெடும். பேட்டரி சூடாகிறது, சுருள் ஆடுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் சுரண்டிய பாதி தவறு. ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் வந்து நின்றால் சுருளின் ஒரு பக்கம் கனமாக இருக்கிறது, கால்களை நேராக்க வேண்டும். நன்றாக ஓடி, கொஞ்ச நேரத்தில் நின்றால் ஊக்குக் கண்ணில் தீப்பொறி பட்டுக் கறுத்திருக்கும், துடைத்தால் போதும். எல்லாம் சரியாக இருந்தும் தானாகக் கிளம்பாவிட்டால், விரலால் லேசாக ஒரு தட்டு தட்டுங்கள். இந்த மோட்டாருக்கு அது தேவை.

வீடியோவில் அழுத்தமாக வராத ஓர் எச்சரிக்கையை இங்கே சேர்த்தே ஆக வேண்டும். 24 கேஜ் செப்புக் கம்பி 1 மீட்டருக்கு மின்தடை 0.1 ஓமுக்கும் குறைவு. அதாவது சுருள் பேட்டரியை ஏறக்குறைய ஷார்ட் செய்கிறது. சாதாரண கார்பன் துத்தநாகப் பேட்டரிக்கு உள்மின்தடை அதிகம் என்பதால் மின்னோட்டம் ஓரளவு கட்டுக்குள் இருக்கும். அல்கலைனில் சீக்கிரம் சூடேறும். அரை நிமிடம் ஓடவிட்டு, சுருளைக் கழற்றி ஆறவிட வேண்டும். சுருள் நின்றுபோன நிலையில் அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. மொபைல், பவர் பேங்க், பழைய லேப்டாப் ஆகியவற்றிலிருந்து எடுத்த லித்தியம் செல்லை இந்தச் சோதனைக்கு ஒருபோதும் பயன்படுத்த விடாதீர்கள். அதில் தீப்பற்றும் ஆபத்து உண்மையானது.

பார்ப்பதற்கு முன் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்

வெரிட்டாசியம் என்ற அறிவியல் யூட்யூப் சேனலை நடத்தும் டெரெக் முல்லர், சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதே விஷயத்தைப் பற்றியதுதான்: இயற்பியலைக் கற்பிக்க வீடியோ எப்படி இருக்க வேண்டும்? தெளிவாக, சிக்கலில்லாமல் விளக்கும் வீடியோவைப் பார்த்த மாணவர்கள் "நன்றாகப் புரிந்தது" என்றார்கள், ஆனால் தேர்வு வைத்தபோது பெரிய முன்னேற்றம் இல்லை. தவறான கருத்துகளை முதலில் வெளிப்படையாகப் பேசி, பிறகு திருத்திய வீடியோ அவர்களுக்குக் குழப்பமாக இருந்தது. ஆனால் அதைப் பார்த்தவர்கள்தான் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். தான் ஏற்கெனவே நினைத்திருப்பதையே வீடியோவும் சொல்கிறது என்று மனம் எடுத்துக்கொள்வதுதான் காரணம். முரண்பாடு கண்ணில் பட்டால்தான் அது விழித்துக்கொள்கிறது.

குப்தாவின் வீடியோக்கள் இந்த வலையில் எளிதில் விழுந்துவிடக்கூடியவை. செய்முறை அவ்வளவு சுலபமாகத் தெரிகிறது, கைகள் ஒரு தடவைகூடத் தவறுவதில்லை. பார்த்து முடித்த பிள்ளைக்கு எல்லாம் தெரிந்துவிட்ட எண்ணம் வந்துவிடும். அதை உடைக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். பொருட்களைக் காட்டி முடித்ததும் வீடியோவை நிறுத்துங்கள். என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு முழுவதையும் ஒருமுறை பார்க்கட்டும். செய்யும்போது திரை மூடியிருக்கட்டும், மாட்டிக்கொண்ட இடத்தில் மட்டும் திரும்பப் பார்க்கட்டும். வரிக்கு வரி நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் செய்தால் பொம்மை வரும், யோசனை வராது.

மோட்டாரில் எழுதச் சொல்ல நல்ல கேள்வி ஒன்று: காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பினால் சுருள் எந்தப் பக்கம் சுற்றும்? பேட்டரியைத் திருப்பினால்? இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பினால்? முதல் இரண்டுக்கும் எதிர்த் திசை என்று எழுதிய பிள்ளைகளில் சிலர் மூன்றாவதற்கும் எதிர்த் திசை என்றே எழுதுவார்கள். பழைய திசைக்கே திரும்புவதைக் கண்ணால் பார்த்த பிறகு, இடக்கை விதியை மனப்பாடம் செய்யும் தேவை பாதி குறைந்துவிடும்.

தீக்குச்சியும் வால் டியூபும்

ஹோஷங்காபாத் நாட்களில் பிறந்தது இந்தப் பொம்மை. சைக்கிள் வால் டியூபை (வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய்) ஒன்றரை, இரண்டு செ.மீ. துண்டுகளாக நறுக்கி, இரு முனையிலும் மருந்து சுரண்டிய தீக்குச்சியைச் செருகினால் மடங்கும் மூட்டு கிடைக்கும். மூட்டின் நடுவில் ஊசியால் துளையிட்டு, சீவிய மூன்றாவது குச்சியைச் செருகினால் மூன்று கிளை மூட்டு. இதை வைத்து முக்கோணம், சதுரம், பிரமிடு, வீடு என்று கட்டிக்கொண்டே போகலாம். மரக் குச்சிதான் வேண்டும். மெழுகுக் குச்சி டியூபுக்குள் லொடலொடவென்று நிற்கும், அழுத்தினால் வளையும். கோவில்பட்டி, சிவகாசி பக்கம் இருப்பவர்களுக்கு மருந்து வைக்காத குச்சியே கிடைக்கும், சுரண்டும் வேலை மிச்சம். மற்றவர்கள் மருந்தை நனைத்துவிட்டுச் சுரண்டினால் பாதுகாப்பு.

சின்னப் பிள்ளைகளுக்கு, முக்கோணம் ஆடாது, சதுரம் ஆடும் என்பதோடு வீடியோ நிறைவாகிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இங்கிருந்து பொறியியலுக்கே ஒரு வாசல் திறக்கலாம். முப்பரிமாணச் சட்டம் ஒன்று ஆடாமல் நிற்கக் குறைந்தது எத்தனை குச்சி வேண்டும்? மூட்டுகளின் எண்ணிக்கையை 3ஆல் பெருக்கி 6ஐக் கழித்தால் விடை. இயற்பியலாளர் மாக்ஸ்வெல் தந்த விதி இது. நான்முகிக்கு 4 மூட்டு, எனவே 6 குச்சி. அதன் விளிம்புகளும் சரியாக 6, அதனால் ஆடாது. கனசதுரத்துக்கு 8 மூட்டு, 18 குச்சி வேண்டும், விளிம்புகளோ 12தான். மீதி 6 எங்கே? ஆறு முகங்களுக்கும் குறுக்காக ஒவ்வொன்று. அந்தக் குறுக்குக் குச்சி மற்றவற்றைவிடச் சுமார் 1.41 மடங்கு நீளமாக இருக்க வேண்டும். தீக்குச்சி எட்டாது, விளக்குமாற்று ஈர்க்குச்சியை அளந்து நறுக்கலாம். பித்தகோரஸ் தேற்றத்தைப் பிள்ளை தேடிப்போய்ப் பயன்படுத்தும் இடம் இது. விடையை முதலில் சொல்லிவிடாதீர்கள். ஆடும் கனசதுரத்தைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு குறுக்குக் குச்சியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஐந்தாவதிலும் ஆட்டம் நிற்காது, ஆறாவதில் நின்றுவிடும். செல்போன் கோபுரத்தில் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்று அதற்குப் பிறகு தனியே விளக்க வேண்டியிருக்காது.

செலவுக்கும் பலனுக்கும் கணக்குப் போட்டால் தொகுப்பிலேயே முதல் இடம் இதற்குத்தான் தருவோம்.

ஊதல், மிதக்கும் பென்சில்

ஸ்ட்ராவின் ஒரு முனையைப் பல்லால் தட்டையாக்கி, இரு பக்கமும் சாய்வாக வெட்டி ஊதினால் கரகரப்பான ஒலி வரும். ஊதிக்கொண்டே மறுமுனையைக் கத்தரியால் வெட்ட வெட்ட ஒலி உயரும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமான வீடியோ. ஆனால் தமிழ்நாட்டில் 2019 தொடக்கத்திலும், நாடு முழுதும் 2022 ஜூலையிலும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை வந்துவிட்டது. இப்போது கடையில் கிடைக்கும் காகித ஸ்ட்ரா எச்சில் பட்டதும் ஊறி, நாக்குப் பகுதி ஒட்டிக்கொள்கிறது. சில ஊதல்களுக்குத்தான் தாங்கும். நம் ஊரில் இதற்கு மாற்று தேட வேண்டியதே இல்லை. பூவரச இலையைச் சுருட்டி முனையை நசுக்கிய பீப்பீயும் இதே தத்துவம்தான், நாதஸ்வரத்தின் சீவாளியும் இதே தத்துவம்தான். இரண்டு மெல்லிய நாக்குகள் காற்றில் திறந்து மூடுகின்றன, குழாயின் நீளம் சுரத்தைத் தீர்மானிக்கிறது.

வீடியோ அளப்பதில்லை என்று சொன்னோமே, இங்கே அளப்பது மிகச் சுலபம். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை மொபைலில் நிறுவினால், அதன் ஒலிக் கருவி அதிர்வெண்ணை ஹெர்ட்ஸில் காட்டும். ஒரு முனை மூடிய குழாய் என்று வைத்துக்கொண்டு, ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டரை நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால், 20 செ.மீ. குழாய்க்கு 430 ஹெர்ட்ஸ் அளவில் வரும். அளந்து பார்த்தால் அதே எண் வராது. நாக்குப் பகுதியின் வளைவும், வாய்க்குள் போகும் நீளமும் கணக்கில் சேரவில்லை. அந்த வித்தியாசத்தைத் தவறு என்று ஒதுக்கிவிடாமல், நீளத்தை மாற்றி ஐந்தாறு அளவு எடுத்து வரைபடம் போடச் சொல்லுங்கள். நீளம் குறையக் குறைய அதிர்வெண் எப்படி ஏறுகிறது என்பது கோட்டில் தெரிந்துவிடும்.

மிதக்கும் பென்சிலில் காந்த வளையங்கள் இரண்டைப் பென்சிலில் மாட்டி, அடியில் பழைய ரப்பர் செருப்பின் அட்டையில் இரண்டு ஜோடி காந்தங்களைப் பதிக்கிறார்கள். பென்சிலின் கூர்முனை மட்டும் நிமிர்த்தி வைத்த சிடியைத் தொட்டுக்கொண்டிருக்கும், மற்றபடி பென்சில் அந்தரத்தில். சுண்டிவிட்டால் நீண்ட நேரம் சுற்றும். எல்லாக் காந்தங்களும் ஒன்றையொன்று தள்ளும்படி அமைய வேண்டும், ஒன்று மாறினாலும் பென்சில் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். பென்சில் வளையங்கள் அடிக் காந்தங்களுக்கு நேர் மேலே இல்லாமல், சிடியின் பக்கமாக ஒரு நூல் தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் முனை சிடியில் அழுந்தி நிற்கும். பெரிய பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது: சிடி இல்லாமல் முழுதாக மிதக்க வைக்க முடியாதா? இன்னும் இரண்டு காந்தம் சேர்த்தால்? ஒரு மாலை முழுக்க முயலட்டும். நிலையான காந்தங்களை மட்டும் வைத்து அப்படி உறுதியாக மிதக்க வைக்கவே முடியாது என்று 1842இல் சாமுவேல் எர்ன்ஷா கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். முயன்று தோற்ற பிறகு இதைச் சொன்னால், அந்தத் தேற்றத்தின் கனம் பிள்ளைக்குப் புரியும்.

குறைகள்

பொருட்கள் சில வழக்கொழிந்துவிட்டன. பிலிம் ரோல் டப்பாவை இன்றைய பிள்ளை பார்த்திருக்கவே மாட்டான். மூடியுள்ள மாத்திரை டப்பா அந்த இடத்தை நிரப்பும். சிடியும் குறைந்துவருகிறது, அதற்குப் பதில் வழவழப்பான டைல்ஸ் துண்டு.

நிலைமின் சோதனைகளைக் கடற்கரை ஊர்களில் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி ஊர்களில் காற்றின் ஈரப்பதத்தால், தேய்த்து ஏற்றிய மின்னூட்டம் பொருளின் மேற்பரப்பு வழியே கசிந்துபோகும். வீடியோவில் துள்ளும் காகிதத் துணுக்குகள் உங்கள் மேசையில் அசையாமல் கிடக்கும். பொருட்களைச் சற்று நேரம் வெயிலில் காயவைத்து, அல்லது ஏசி அறையில் வைத்துச் செய்தால் வரும். காரணம் தெரியாத பிள்ளை தன் கை சரியில்லை என்று நினைத்துச் சோதனையையே விட்டுவிடும், அதனால் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

விளக்கம் குறைவு என்பது இந்தத் தொகுப்பின் பலம், பலவீனம் இரண்டும். எட்டாம் வகுப்பு வரை அது பலம்தான், கேள்வி பிள்ளையிடமே விடப்படுகிறது. அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாதவற்றைக் காட்ட இன்னொன்று வேண்டும். கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் சிமுலேஷன்கள் இதற்குப் பொருத்தமான துணை. மின்சுற்று அமைக்கும் சிமுலேஷனில் எலக்ட்ரான்கள் ஓடுவது தெரியும், பேட்டரியின் உள்மின்தடையைக் கூட்டிக் குறைக்கலாம், ஷார்ட் செய்தால் தீப்பிடிப்பதையும் காட்டும். மோட்டார் ஏன் பேட்டரியைச் சூடாக்கியது என்று கேட்ட பிள்ளைக்கு அடுத்த படி அதுதான். இதுவும் இலவசம், சில சிமுலேஷன்கள் தமிழிலும் உண்டு. ஆனால் வரிசையை மாற்றிவிடாதீர்கள். முதலில் கையால் செய்வது, பிறகு சிமுலேஷன். திரையில் எந்தக் கம்பியும் துருப்பிடிப்பதில்லை, எந்தச் சுருளும் கோணலாவதில்லை. உண்மையான பொருளின் முரண்டு தெரியாமல் சிமுலேஷனுக்குப் போன பிள்ளை, பிறகு மேசையில் மோட்டார் ஓடாதபோது சீக்கிரம் சோர்ந்துவிடும்.

தொழில்நுட்பம் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றம்தான் கிடைக்கும். சென்சார், மைக்ரோகண்ட்ரோலர், நிரல் எழுதுவது எதையும் இந்தத் தொகுப்பில் எதிர்பார்க்க வேண்டாம். அந்த ஆர்வம் உள்ள பிள்ளைக்கு எம்ஐடி உருவாக்கிய ஸ்க்ராட்ச் என்ற நிரல் மொழி இருக்கிறது. பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசுத் திட்டத்தின் செய்முறைக் கூடம்) இருந்தால் ஆர்டினோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகைகளும் கைக்கெட்டும். மோட்டாரையும் தீக்குச்சிச் சட்டத்தையும் செய்து பழகிய கை, பிரெட்போர்டில் (கம்பிகளைச் செருகி மின்சுற்று அமைக்கும் பலகை) தளர்ந்த இணைப்பைத் தேடும்போது பதற்றப்படாது என்பது மட்டும் நிச்சயம்.

யூட்யூபிலேயே பார்ப்பதானால் தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். ஒன்றரை நிமிட வீடியோ முடிந்ததும் யூட்யூப் வேறெதையாவது ஓட்டத் தொடங்கிவிடும், கையில் எடுத்த கம்பி கீழே போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு வீடியோ போதும். முதல் மாதத்துக்குத் தீக்குச்சிச் சட்டம், ஊதல், மிதக்கும் பென்சில், மோட்டார் என்ற வரிசையில் போகலாம். மோட்டாரை முதலில் எடுத்தால், ஓடாத கோபத்தில் மற்றதும் நின்றுபோகக் கூடும்.

மோட்டார் ஓடத் தொடங்கியதும், பிள்ளையையே ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சுருளின் ஒரு பக்கத்தில் வெள்ளை நெயில் பாலிஷ் பொட்டு வைத்து, மொபைலின் ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 பிரேம் வேகத்தில் பதிவு செய்து, பொட்டு அதே இடத்துக்குத் திரும்ப எத்தனை பிரேம் ஆகிறது என்று எண்ணலாம். 12 பிரேம் என்றால் நொடிக்கு 20 சுற்று, நிமிடத்துக்கு 1,200. எல்இடி விளக்கில் படம் மினுக்கினால் ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். காந்தம் மொபைலை ஒட்டி வராமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். இரண்டாவது காந்தத்தை முதலாவதன் மேல் அடுக்கிவிட்டு மறுபடி எண்ணட்டும். காந்தம் சுருளில் இடித்தால் ஊக்கைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம். வேகம் கூடுமா குறையுமா என்பதை மட்டும் எண்ணுவதற்கு முன்பே நோட்டில் எழுதிவிட வேண்டும்.